கட்டி கரைந்த பிறகும் ஊசி எதற்கு?

“கட்டிதான் கரைஞ்சு போச்சுங்களே டாக்டர், மீதி ஊசியும் போடோணுங்களா?” ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. செலவையும் அலைச்சலையும் சுமப்பவர்கள் கேட்பதால், நியாயமான கேள்வியே. இதற்கு விடையைக் கட்டளையாக அன்றிக் கணக்காகச் சொல்வதே மருத்துவரின் கடமை என்பது என் கருத்து.

ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி புற்றுநோய்ச் செல்கள் வரை இருக்கக்கூடும். ஆயிரத்துக்கு 999 அழிந்தாலும் 10 லட்சம் எஞ்சும். அவை கைக்குத் தட்டுப்படுவதில்லை, ஸ்கேனிலும் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் மருந்து அழிப்பது ஒரே எண்ணிக்கையை அன்று, ஒரே விகிதத்தையே என்று 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் ஹோவர்டு ஸ்கிப்பர் எலிகளின் இரத்தப் புற்றுநோயில் கண்டறிந்தார். சிகிச்சைக்குப் பல சுற்றுகள் தேவைப்படுவதன் அடிப்படை இதுவே.

இன்னொரு கணக்கும் உண்டு. புற்றுநோய்ச் செல்கள் பெருகும்போதே மாறவும் செய்கின்றன. மருந்துக்கு மசியாத சில செல்கள், மருந்து தொடங்கும் முன்பே தோன்றியிருக்கலாம் என்பதைக் கனடாவின் கோல்டி, கோல்ட்மன் இருவரும் 1979-இல் ஒரு கணித மாதிரியால் விளக்கினர். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்த பருத்திக் காட்டில் எந்தப் புழு மிஞ்சும் என்பதை நம் கொங்கு உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் இக்கணக்குகள் பலரைச் சேர்த்துப் பார்த்தவை. தனி ஒருவரின் ஆயுளைக் குறிப்பவை அல்ல. அவை நமக்கு நன்கு பொருந்த வேண்டுமாயின் நம் மக்களின் தரவும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தரவுத்தளம், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து உருவானது. அத்திசுக்களைத் தந்தவர்கள் இனி வரும் நோயாளிகளுக்கும் உதவியிருக்கிறார்கள்.

வெள்ளையணுக்கள் குறைந்தால் நாங்களே ஊசியைத் தள்ளிவைப்போம். அது திட்டத்தில் அடங்கியதே. குணப்படுத்தும் நோக்கில் தரும் சிகிச்சையைச் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. பணமுடை, வீட்டு விசேஷம், உடல் தளர்ச்சி என எதுவாயினும் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், வழி தேடுவோம். காய்ச்சல் கண்டாலோ, தேதிக்குக் காத்திராமல் உடனே வாருங்கள். எத்தனை சுற்று, ஏன் அத்தனை என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.