லண்டன் ட்ரிப்: ஏர்போர்ட் கார், நாடக டிக்கெட்... காசு எங்கே கசிகிறது? புதிய விதிகள் எதை மாற்றும்?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி நகரின் மையப் பகுதிக்குப் போக, 2025 கட்டணப்படி, 5.80 பவுண்டும் ஆகலாம், 100 பவுண்டும் ஆகலாம். அதே ஊரில், ஒரே நாடகத்துக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரும் இரண்டு பேர் கொடுத்த விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான்கு நாள் ட்ரிப்பில் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் மணிக்கணக்கில் விலை ஒப்பிடுபவர்கள், இந்த இரண்டையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். காசு கசிவது அங்கேதான்.

இதைக் கட்டுப்படுத்த பிரிட்டன் இரண்டு பெரிய அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. மற்றொன்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இவை பயணிக்கு எவ்வளவு உதவும்? எந்த இடத்தில் உதவாது?

முதல் மாற்றம்: பார்த்த விலைதான் கொடுக்கும் விலை

ஆன்லைனில் 40 பவுண்ட் என்று காட்டும் டிக்கெட், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் 49 பவுண்டாக நிற்கும். புக்கிங் கட்டணம், சேவைக் கட்டணம், பழைய அரங்குகளைப் புதுப்பிக்க வாங்கும் தனித் தொகை என்று ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகச் சேரும். அதனால்தான் இதற்கு ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர்.

2024-ல் நிறைவேறிய டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டத்தின் கீழ், 2025 ஏப்ரல் 6 முதல் இதற்குத் தடை வந்தது. வாடிக்கையாளர் தவிர்க்கவே முடியாத கட்டணங்கள் எல்லாம் முதலில் காட்டும் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும். மீறினால், பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அபராதம் விதிக்கலாம். அதிகபட்சம், அந்த நிறுவனத்தின் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம்.

இது வெறும் காகிதச் சட்டமாக நிற்கவில்லை. 2025 நவம்பரில் இந்தப் புதிய அதிகாரத்தைப் பயன்படுத்தி எட்டு நிறுவனங்கள் மீது ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. அதில் ஸ்டப்ஹப், வியாகோகோ ஆகிய இரண்டு டிக்கெட் மறுவிற்பனை தளங்களும் அடக்கம். விசாரணை தொடங்கியது என்பதாலேயே தவறு நிரூபணமானதாக ஆகிவிடாது.

இரண்டாவது மாற்றம்: ‘பிளாக்’ டிக்கெட்டுக்குப் பூட்டு

அதே நவம்பர் மாதம், டிக்கெட்டை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப்போவதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. மறுவிற்பனை தளங்கள் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வரும். முதல் விற்பனையில் ஒருவர் எத்தனை டிக்கெட் வாங்க முடியுமோ, அதற்கு மேல் அவர் மறுவிற்பனை செய்யவும் முடியாது. விதி மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தளங்களுடையது. மறுவிற்பனையில் ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக 37 பவுண்ட் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. இன்றைய மதிப்பில் அது 4,000 ரூபாய்க்கும் மேல்.

ஆனால், அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. நாடாளுமன்றத்தில் நிறைவேறி அமலுக்கு வந்தால்தான் இது பயணிக்குப் பாதுகாப்பு.

1994-ல் விட்டுப்போன ஓட்டை

ஏர்போர்ட் காருக்கும் நாடக டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பிரிட்டனில் இரண்டுக்கும் 30 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பொதுக் கதை இருக்கிறது.

1994-ல் வந்த குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் இரண்டு வகைத் தரகர்களைக் குற்றவாளிகளாக்கியது. பிரிவு 166, கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பவர்களுக்கு. பிரிவு 167, ‘டாக்ஸி வேணுமா சார்?’ என்று பொது இடத்தில் ஆள் பிடிப்பவர்களுக்கு. கால்பந்து வந்தது, டாக்ஸி வந்தது. நாடகமும் இசை நிகழ்ச்சியும் வரவில்லை. கால்பந்து மைதானத்தில் எதிரணி ரசிகர்கள் கலந்து உட்கார்ந்து கலவரம் ஆகிவிடக் கூடாது என்பதே அன்றைய கவலை. நாடக அரங்கில் அந்தப் பயம் இல்லை. அதனால் அங்கே மறுவிற்பனை லாபம் சட்டபூர்வமான தொழிலாகவே வளர்ந்தது. பிறகு வந்த 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், இருக்கை எண்ணையும் அசல் விலையையும் காட்டச் சொன்னதே தவிர, விலைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை.

இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் தடை அந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது.

ஹீத்ரோவிலிருந்து: கணக்கு என்ன சொல்கிறது?

2024-ல் மட்டும் ஹீத்ரோவைப் பயன்படுத்தியவர்கள் 8.39 கோடி பேர். அங்கிருந்து நகருக்குள் போக முக்கியமான வழிகள் இவை. ரயில் கட்டணங்கள் 2025 நிலவரப்படி, ஒருவருக்கு:

- பிக்காடில்லி லைன் மெட்ரோ: 5.80 பவுண்ட். ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆனால், பிக்காடில்லி சர்க்கஸ், லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்று நாடக அரங்குகள் நிறைந்த பகுதிக்கே நேராகப் போகும்.
- எலிசபெத் லைன்: 13.90 பவுண்ட். டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு வரை சுமார் 35 நிமிடம். பெரிய பெட்டிகளுக்கு இடம் தாராளம்.
- ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்: முன்பதிவு இல்லாமல் போனால் சுமார் 25 பவுண்ட். 15 நிமிடத்தில் பேடிங்டன். ஆனால், பேடிங்டன் நகரின் மையப் பகுதிக்கு மேற்கு ஓரம். அங்கிருந்து இன்னொரு ரயிலோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.
- கறுப்பு டாக்ஸி: மீட்டர் கட்டணம். டிராஃபிக்கைப் பொறுத்து 60 பவுண்டில் தொடங்கி 100-ஐத் தாண்டலாம். இது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு.

தனியாகப் போகிறவருக்கு மெட்ரோதான், யோசிக்கவே வேண்டாம். நான்கு பேர் போனால் கணக்கு மாறுகிறது. பிக்காடில்லி லைனில் 23.20 பவுண்ட், எலிசபெத் லைனில் 55.60, எக்ஸ்பிரஸில் சுமார் 100. அதாவது, ‘வேகமான ரயில்’ என்று விளம்பரமாகும் வழி, நான்கு பேருக்கு டாக்ஸி அளவுக்கே வந்துவிடுகிறது. ஓட்டல் வாசல் வரை அது கொண்டுபோய் விடப்போவதும் இல்லை. 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, பெரியவர்களுடன் வந்தால், மெட்ரோவிலும் எலிசபெத் லைனிலும் டிக்கெட் கிடையாது.

டிக்கெட் கவுன்ட்டரைத் தேடவும் வேண்டாம். கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள கார்டையோ போனையோ ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும். இரண்டு இடத்திலும் அதே கார்டு, ஆளுக்கு ஒரு கார்டு என்பது மட்டும் முக்கியம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக ஆன் ஆகியிருக்காது. வங்கி ஆப்பில் போய் ஆன் செய்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இல்லையென்றால் நுழைவாயில் திறக்காது.

முன்பதிவு காரில் ஒளிந்திருக்கும் கட்டணம்

லண்டனில் கையைக் காட்டியோ ஸ்டாண்டில் நின்றோ ஏற அனுமதி உள்ளது கறுப்பு டாக்ஸியில் மட்டும்தான். மற்ற வாடகை கார்கள் எல்லாம் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக முன்பதிவு செய்யப்பட்டே வர வேண்டும். வருகைக் கூடத்தில் ஒருவர் தானாக வந்து ‘கார் வேண்டுமா’ என்று கேட்டால், அவர் மேலே சொன்ன பிரிவு 167-ஐ மீறுகிறார். அந்தப் பயணத்துக்கு காப்பீடும் பெரும்பாலும் செல்லாது.

முன்பதிவு காரிலும் ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். அதுதான் காத்திருப்புக் கட்டணம். பல நிறுவனங்கள் 45 அல்லது 60 நிமிடம் இலவசமாகக் காத்திருக்கும். அதற்குப் பிறகு நிமிடக் கணக்கு, பார்க்கிங் கட்டணம் தனி. இது எல்லோருக்கும் விழும் கட்டணம் இல்லை என்பதால், புதிய சட்டம் வந்த பிறகும் முதல் விலையில் தெரியாது.

இந்தியப் பயணிகளை இது கூடுதலாகப் பாதிக்கும். ஹீத்ரோவில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து சட்டென்று வெளியேறும் இ-கேட் வசதி, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டவர்களுக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. அதிகாரியின் கவுன்ட்டரில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசையும் பெட்டிக்கான காத்திருப்பும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். அதனால் காரை விமானம் தரையிறங்கும் நேரத்துக்கு புக் செய்யாமல், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கழித்து வரச் சொல்வதே புத்திசாலித்தனம்.

நாடக டிக்கெட்: யாரிடம் வாங்குகிறோம்?

லண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் 1952-லிருந்து ஓடும் ‘தி மவுஸ்ட்ராப்’ முதல் 1999-லிருந்து ஓடும் ‘தி லயன் கிங்’ வரை நாடகங்களுக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை டிக்கெட் விற்கிறவர்களில். இவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரங்கின் சொந்தத் தளம். வெஸ்ட் எண்ட் அரங்குகளில் பெரும்பாலானவை எல்.டபிள்யூ தியேட்டர்ஸ், டெல்ஃபான்ட் மேக்கின்டாஷ், ஏ.டி.ஜி., நிமாக்ஸ் போன்ற சில குழுமங்களின் கையில் இருக்கின்றன. இரண்டாவது, தயாரிப்பாளரே டிக்கெட் ஒதுக்கிக் கொடுக்கும் அதிகாரபூர்வ முகவர்கள். கமிஷன் இருக்கும், டிக்கெட் உண்மையானது. மூன்றாவது, ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டை லாபம் வைத்து விற்கும் மறுவிற்பனை தளம். கூகுளில் நாடகத்தின் பெயரைத் தேடினால் மேலே விளம்பரமாக வருவது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றின் பக்கங்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எனவே, முதலில் எந்த அரங்கில் நாடகம் நடக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த அரங்கின் தளத்துக்கு நேராகப் போங்கள். வேறு இடத்தில் வாங்கினாலும் அதோடு ஒப்பிட ஒரு விலை கையில் இருக்கும்.

தள்ளுபடி வேண்டுமென்றால் லெஸ்டர் ஸ்கொயரில் லண்டன் நாடக அரங்குகள் சங்கம் நடத்தும் ‘டி.கே.டி.எஸ்’ கூடம் இருக்கிறது. அது சதுக்கத்திலேயே தனியாக நிற்கும் கட்டடம். சுற்றியுள்ள தெருக்களில் ‘பாதி விலை’ போர்டு மாட்டிய கடைகள் வேறு. சில நாடகங்கள், அன்றைய காட்சிக்கான குறைந்த விலை டிக்கெட்டுகளைக் காலையில் ஆப் வழியாகத் திறந்துவிடுகின்றன.

விலை மட்டும் பார்த்து வாங்கினாலும் சிக்கல். பல அரங்குகள் நூற்றாண்டைத் தாண்டியவை. மேல் மாடத்தில் தூண் மறைக்கும் இருக்கை உண்டு. லிஃப்ட் இல்லாத படிக்கட்டும் உண்டு. வயதான அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நியூயார்க்கில் எப்படி?

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி 2025 மே 12 முதல் அமலில் இருக்கிறது. நேரடி நிகழ்ச்சி டிக்கெட், ஓட்டல் போன்ற குறுகிய காலத் தங்குமிடம் இரண்டுக்கும் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். ஏர்போர்ட் கார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், நியூயார்க் நகரம் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே மஞ்சள் டாக்ஸிக்கு அடிப்படைக் கட்டணம் 70 டாலர் என்று 2022 இறுதியில் நிர்ணயித்துவிட்டது. சுங்கம், கூடுதல் கட்டணம், டிப்ஸ் தனி. பயணிக்கு ஒப்பிட ஒரு எண் கிடைக்கிறது. லண்டன் கறுப்பு டாக்ஸியில் அது இல்லை.

சட்டம் தொடாத இடம்

புதிய விதிகள் ஒளிந்திருக்கும் கட்டணத்தை வெளியே கொண்டுவரும். பிளாக் டிக்கெட் லாபத்தைக் குறைக்கலாம். ஆனால், அரங்கமே தேவைக்கு ஏற்ப விலையை ஏற்றினால் அது குற்றமில்லை. சனிக்கிழமை இரவுக் காட்சியும் புதன்கிழமை மதியக் காட்சியும் ஒரே நாடகம்தான், விலை வேறு. தேதியை மாற்றிக்கொள்ள முடிகிறவருக்கு இதில் லாபம். முடியாதவருக்கு எந்தச் சட்டமும் உதவாது.

அதேபோல், விமானம் தாமதமாகி நாடகத்தைத் தவறவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது. தாமதமாக வருகிறவர்களை இடைவெளி வரும் வரை உள்ளே விடாத அரங்குகளும் உண்டு. இறங்கிய அன்று மாலையே நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே காஸ்ட்லியான தவறு. அந்த அவசரத்தில்தான் 25 பவுண்ட் ரயிலும், கூடத்தில் கூப்பிடும் டிரைவரும் நியாயமாகத் தெரிவார்கள். முதல் நாள் மாலையை காலியாக விட்டுவிட்டு இரண்டாம் நாளுக்கு டிக்கெட் எடுத்தால், மெட்ரோவில் ஒரு மணி நேரம் நிதானமாகப் போகலாம். அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல இருக்கையே கிடைத்துவிடும்.