எண்கள் சொல்லாத காரணங்கள்

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று பரிசோதித்து மாத்திரை வழங்கும் இத்திட்டம், 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. அது முறையாக உட்கொள்ளப்படுகிறதா என்பதே அடுத்த கேள்வி.

எத்தனை பேருக்கு மாத்திரை வழங்கப்பட்டது, எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் குறையவில்லை என்பதைப் பதிவேடுகள் கூறும். ஏன் குறையவில்லை என்பதை அவை கூறுவதில்லை. தலைசுற்றலுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர், உடல் தேறிவிட்டதாகக் கருதிக் கைவிட்டவர், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைக் கழிப்பறை இல்லாத வேலைத்தலத்துக்குச் செல்லும் நாளில் தவிர்க்கும் பெண் தொழிலாளி என எல்லோரும் பதிவேட்டில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆனால், ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் தீர்வு வேறு.

இத்தகைய காரணங்களைக் கண்டறிய உதவுபவையே பண்புசார் ஆய்வு முறைகள். ஆழ்ந்த நேர்காணல், குழு விவாதம், நேரடி உற்றுநோக்கல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வெறும் உரையாடல்போலத் தோன்றினாலும் இவற்றுக்கு முறையான பயிற்சி தேவை. 'மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?' என்று செவிலியர் கேட்டால், 'ஆமாம்' என்ற பதிலே வரும். மருந்து தருபவரிடம் உண்மையைச் சொன்னால் கடிந்துகொள்வாரோ என்ற தயக்கம் இயல்பானது. 'கடந்த வாரம் எந்த நாளில் சாப்பிட முடியாமல் போனது? அன்று என்ன வேலை இருந்தது?' என்று கேட்டால் உண்மை வெளிப்பட வாய்ப்புண்டு. ஒப்புதல் பெறுவது, ரகசியம் காப்பது, சொன்னதைச் சொன்னபடியே பதிவுசெய்து பகுத்தாராய்வது ஆகியனவும் பயிற்சியால் வருபவையே.

மக்களின் காரணங்களை அறியாமல் விதிக்கப்படும் கட்டுப்பாடு பயன் தராது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்கா சான்று. கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2014 முதல் 2016 வரை எபோலாவுக்கு 11,000-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இறந்தவரின் உடலைத் தொட்டுக் கழுவும் சடங்கின் மூலமும் நோய் பரவியது. சடங்குக்கு இடமளிக்காத அடக்க முறையை மக்கள் ஏற்கவில்லை. மறைவாக அடக்கம் செய்தோரும் உண்டு. மானுடவியலாளர்களும் சமயத் தலைவர்களும் கலந்து உருவாக்கிய, பாதுகாப்பும் கண்ணியமும் இணைந்த அடக்க நெறிமுறையை உலக சுகாதார அமைப்பு 2014 நவம்பரில் வெளியிட்டது.

பொருளாதார நோக்கிலும் இது சிக்கனமே. உட்கொள்ளப்படாத மாத்திரைக்கும் அரசு விலை கொடுக்கிறது. பின்னர் பக்கவாதத்துக்கும் டயாலிசிஸுக்கும் செலவிடுகிறது. அதேவேளையில், இருபது பேரிடம் பேசிவிட்டு மாவட்டம் முழுமைக்கும் சதவீதம் கூற முடியாது. அதற்குப் புள்ளிவிவரமே வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக அமைய வேண்டும்.

வட்டாரத்துக்குச் சில செவிலியர்களையும் தன்னார்வலர்களையும் தேர்ந்து, அருகிலுள்ள கல்லூரிகளின் சமூகவியல், சமூகப்பணித் துறைகளைக் கொண்டு பயிற்சி அளிக்கலாம். ஆய்வு நாள்களில் அவர்களுக்குப் பதிவேட்டுப் பணியிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். அவர்கள் கண்டறிந்தவை மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் விவாதிக்கப்பட வேண்டும்; குறையைச் சுட்டியதற்காக எவரும் விளக்கம் கேட்கப்படக் கூடாது. பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் கொள்ளலாகாது. அந்தப் பெண் தொழிலாளிக்கு மாத்திரையோ, அதை உட்கொள்ளும் நேரமோ மாற்றித் தரப்பட்டதா என்பதே அளவுகோல்.