பீட்ரூட்டின் சிவப்பு ரத்தம் ஆகாது

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் கிராமங்களில் கருவுற்ற பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது பீட்ரூட்டும் மாதுளையும்தான். சிவப்பாக இருப்பதைச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை, படித்தவர் வீடு, படிக்காதவர் வீடு என்று பாராமல் வேரூன்றியிருக்கிறது. மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், கைப்பேசியில் வரும் காணொளியும் அதையே சொல்கிறது. அக்கறையோடு சொல்லப்படுவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மறுத்தாக வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. புதுச்சேரியிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை இதுதான். இவ்வளவு பெரிய குறைபாட்டுக்கு முன்னால் ஒரு நிறத்தை மருந்தாக நம்பி உட்கார்ந்திருக்க நமக்கு உரிமையில்லை.

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதற்குள் இருக்கும் ஹீம் என்ற வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலைன் வகையைச் சேர்ந்த பீட்டானின். அது கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. இரும்பு அதில் துளியும் இல்லை. மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வேறொரு குடும்பம்; அதிலும் இரும்பு இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மூன்று சிவப்புகளும் வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. அமைப்பில் ஹீமுக்கு மிக நெருங்கிய தாவர நிறமி எது என்று கேட்டால், அது இலையின் பச்சையமே. இவ்விரண்டின் அமைப்பையும் ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பச்சையத்தின் நடுவிலும் இருப்பது மக்னீசியம், இரும்பு அல்ல. ஆகவே கோதுமைப்புல் சாற்றைப் 'பச்சை ரத்தம்' என்று விற்பவர்களின் வாதமும் நிற்காது. செடி தனக்காக உண்டாக்கிக்கொள்ளும் நிறம் நம் உடம்பில் அதே நிறத்தை உண்டாக்குவதில்லை.

நிறமியில் இல்லாவிட்டாலும் காயில் வேறு வகையில் இரும்பு இருக்கலாமே என்று கேட்பது நியாயம். இருக்கிறது, எவ்வளவு என்று பார்ப்போம். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மாதுளையில் அதனினும் குறைவு. கருவுற்ற பெண்களுக்கு அரசு இலவசமாகத் தரும் சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஏழு கிலோவுக்கு மேல் பீட்ரூட் சாப்பிட வேண்டும். பேறுகாலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது 1,000 மில்லிகிராம். தினம் ஒரு குவளைச் சாறு இந்தப் பள்ளத்தை நிரப்பாது. நிறத்துக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பதை அந்த மாத்திரையே காட்டுகிறது. 2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் கருவுற்றவர்களுக்குச் சிவப்பு மாத்திரை, பள்ளி செல்லும் வளரிளம் பெண்களுக்கு நீல மாத்திரை. உள்ளே இருப்பது இரண்டிலும் அதே 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான்.

'எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பீட்ரூட் கொடுத்தோம், ரத்தம் ஏறியது' என்பார்கள். ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அதே மாதங்களில் மாத்திரையும் விழுங்கியிருப்பாள், குடற்புழு மருந்தும் எடுத்திருப்பாள், முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டும் இருப்பாள். மேலும், கருவுற்ற காலத்தின் நடுமாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் ஹீமோகுளோபின் அளவு தாழ்வதும், கடைசி மாதங்களில் ஓரளவு மீள்வதும் உடலின் இயல்பு. பல காரணங்கள் சேர்ந்து செய்த வேலையின் பெயர், கண்ணில் பளிச்சென்று படும் ஒன்றுக்கு மட்டும் போய்விடுகிறது.

தாவர நிறமிகளால் பயனே இல்லை என்பதல்ல என் வாதம். பீட்ரூட்டில் ஃபோலேட் உண்டு, நார்ச்சத்து உண்டு. அதைச் சாப்பிடுவதில் தவறில்லை. லூட்டின் என்ற மஞ்சள் நிறமி விழித்திரையில் சேர்ந்து கண்ணைக் காக்கிறது. ரத்தத்துக்கு உண்மையாகவே கைகொடுக்கும் ஒரு நிறமியும் இருக்கிறது: பீட்டா கரோட்டின். அது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் சேமிப்பில் உள்ள இரும்பை ரத்தம் உண்டாகும் இடத்துக்கு அனுப்ப உடம்பு தடுமாறுகிறது. இந்த நிறமியின் நிறம் ஆரஞ்சு. முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி இலைகளில் பச்சையத்துக்கு அடியில் மறைந்து கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சிவப்பைத் தேடிப் போகும் நாம், வாய்க்கால் வரப்பிலும் கொல்லையிலும் வளரும் கீரையைத் தாண்டிப் போகிறோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில் கீரைக்கா பஞ்சம்?

பழைய பழக்கங்கள் எல்லாவற்றையும் தள்ளச் சொல்லவுமில்லை. ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி கொடுப்பது நம் ஊர் வழக்கம். சுவரொட்டி எனப்படும் மண்ணீரலில் இரும்பு மிகுதி, அதில் ஒரு பகுதி உடல் எளிதில் ஏற்கும் ஹீம் இரும்பு. அந்த வழக்கம் சரி. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேலும் கேழ்வரகில் 4 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு உண்டு. தாவர இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும் என்பதால், கீரையையும் கூழையும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். இவை குறைபாடு வராமல் காக்கும் வழிகள். வந்துவிட்ட ரத்தசோகைக்கு மாத்திரையே மருந்து.

மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதனால்தான் பீட்ரூட் என்பது கடைசி எதிர்வாதம். மலம் கறுப்பது உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதால், அது நோயல்ல. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கலாம், மருத்துவரிடம் சொல்லி மாற்று கேட்கலாம். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் மாத்திரைக்கும் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த உடம்பு பிரசவத்தின் ரத்தப்போக்கைத் தாங்காது. பீட்ரூட்டால் நேரடிக் கெடுதல் இல்லைதான். அதை நம்பி இழக்கும் வாரங்களே கெடுதல். ஆகவே துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை தருபவர், அதை எண்ணிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்த நம்பிக்கை பிழை என்பதை வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். வீட்டார் தட்டில் என்ன நிறம் என்று பார்ப்பதை விட்டு, மாத்திரை அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது, அடுத்த பரிசோதனையில் அளவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.