அயல்நாட்டுச் சாலையில் நம் பிள்ளைகள்

பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்வது நம் மக்களுக்குப் புதிதன்று. கப்பலேறி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களின் பேரர்கள் இன்று விமானமேறி ரியாத்துக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் செல்கின்றனர். கடலூர் தொடங்கிப் பரங்கிப்பேட்டை, சிதம்பரம், லால்பேட்டை வரையில் நம்மவர் வாழும் ஊர்களில் சபுராளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. பெட்டி கட்டும் பிள்ளைக்குப் பெற்றோர் கூறும் அறிவுரைகளுக்கோ குறைவில்லை. வேளைக்கு உண்ணச் சொல்கிறோம்; தொழுகையைப் பேணச் சொல்கிறோம்; வீண் நட்பைத் தவிர்க்கச் சொல்கிறோம்; சம்பளத்தைச் சேமிக்கச் சொல்கிறோம். ஆனால், அங்கே அவன் நாள்தோறும் இறங்கி நடக்கவேண்டிய, வண்டி ஓட்டவேண்டிய சாலையைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்லி அனுப்புகிறோமா?

ஓட்டுநர் விசாவில் செல்வோருக்குச் சாலையே தொழிற்கூடம். மற்றவர்களுக்கும் தங்குமிடத்திலிருந்து வேலைத்தலம் செல்லும் வழி அதுதான். ஆகவே அந்நாட்டுச் சாலையின் இயல்பை அறிந்துகொள்வது, அந்நாட்டு மொழியில் நாலு வார்த்தை கற்பதைப் போலவே தேவையானதாகும்.

முதலாவது, திசை. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன; அரபு வளைகுடா நாடுகளிலோ வலப்புறம் செல்கின்றன. ஒருகாலத்தில் பஹ்ரைனிலும் இடப்புற வழக்கமே இருந்தது. அண்டை நாடுகளோடு ஒத்துப்போக வேண்டி, 1967 நவம்பரில் அந்நாடும் வலப்புறத்துக்கு மாறிற்று. சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது நமக்குச் சிறுவயது முதல் படிந்துவிட்ட பழக்கம். அங்கே அருகில் வரும் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். கண் ஒருபக்கம் பார்த்திருக்க, ஆபத்து மறுபக்கம் வரும். புதிதாகச் செல்பவர் முதல் சில மாதங்களுக்கு, "இடப்பக்கம் முதலில்" என்று ஒவ்வொரு முறையும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட பிறகே காலை எடுத்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, சாலையின் பேச்சு. சாலைக்கு எழுதப்பட்ட சட்டம் ஒன்று. எழுதப்படாத வழக்கம் மற்றொன்று. நம் ஊர் லாரிகளின் பின்புறத்தில் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருப்பதைக் காண்கிறோம். நமக்கு ஹாரன் என்பது, 'நான் வருகிறேன்' என்னும் அறிவிப்பு. வேறு பல நாடுகளில் காரணமின்றி ஹாரன் அடிப்பது முகத்துக்கு நேரே ஏசுவதற்கு ஒப்பாகும். பிரிட்டனில் எதிரே வருபவர் விளக்கை மின்னினால், பெரும்பாலும் 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்று பொருள். வளைகுடாவின் விரைவுச் சாலையில் பின்னாலிருந்து ஒருவர் விளக்கை மின்னினால், 'விலகு' என்று பொருள். லண்டனில் பழகியவர் துபாயிலும், துபாயில் பழகியவர் லண்டனிலும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு என்னவாகும் என்று கூறத் தேவையில்லை.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. சட்டத்தையும் மதிக்காமல், வழக்கத்தையும் மதிக்காமல் ஓட்டுவோரிடையே நாம் ஓட்டுவது எப்படி? நான்கு தடங்களைக் குறுக்காகக் கடந்து திடீரெனத் திரும்புகிறவர், முன்செல்லும் வண்டியை உரசுமளவு நெருங்கி விரட்டுகிறவர், கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் என்று, சபுராளிகள் விவரிக்கக் கேட்டால் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. சஊதி இளைஞர் சிலர் காரைச் சறுக்கவிட்டுச் சுழற்றும் 'தஃப்ஹீத்' என்னும் விபரீத விளையாட்டு பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

இதைக் கொண்டு, 'அந்த நாட்டவரே இப்படித்தான்' என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. எண்ணெய்ச் செல்வம் வந்தபின் மிகக் குறுகிய காலத்தில் அகன்ற சாலைகள் அமைந்தன. காரின்றி வெளியே செல்ல இயலாதவாறு நகரங்கள் விரிந்தன. துபாயில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2009ஆம் ஆண்டில். ரியாத்தில் 2024 டிசம்பரில்தான். மேலும், அச்சாலைகளில் ஓட்டுவோரில் பெரும்பகுதியினர் பற்பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். தத்தம் ஊர்ப் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்தவர்கள். நம்மவரும் அதில் அடக்கம்.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. சஊதியில் 2010ஆம் ஆண்டு 'ஸாஹிர்' என்னும் கேமராக் கண்காணிப்பு வந்தது. தஃப்ஹீத் செய்பவருக்கு முதல்முறை 20,000 ரியால் அபராதமும் வண்டி பறிமுதலும் என்று 2016இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதே 2016இல் அந்நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 29 பேர் சாலை விபத்தில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பிந்திய ஆண்டுகளில் அந்த விகிதம் பெருமளவு குறைந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம் அபராதத்தோடு 12 கரும்புள்ளிகள். ஓராண்டில் 24 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் பறிபோகும்.

இத்தகைய சாலையில் அயல்நாட்டவர் ஒருவர் மூன்று வகையாக நடந்துகொள்ளக் கூடும். சினந்து பதிலடி கொடுப்பது ஒன்று. இது அறவே ஆகாது. அமீரகத்தில் கையால் இழிவான சைகை காட்டுவதே வழக்குக்குரிய குற்றம். அதனால் வேலையிழந்து ஊர் திரும்ப நேர்ந்தோரும் உண்டு. அவர்களைப் போலவே நாமும் ஓட்டுவது இரண்டாவது. 'ஊரோடு ஒத்து வாழ்' என்ற முதுமொழியை இதற்குத் துணைக்கழைப்போர் உளர். ஊரார் கிணற்றில் குதித்தால் நாமும் குதிப்பதற்கு அம்முதுமொழி சொல்லப்படவில்லை. மூன்றாவது வகையே அறிவுடையது: பிறருடைய போக்கை வெயிலையும் மழையையும் போலக் கருதிக்கொள்வது. மழையோடு எவரும் சண்டையிடுவதில்லை. மழையைப் போல நனைய வேண்டுமென்றும் எண்ணுவதில்லை. குடை எடுத்துச் செல்கிறோம், அவ்வளவே.

சாலையில் குடை என்பது இடைவெளியும் பொறுமையும் ஆகும். ரியாத்தில் வீட்டு ஓட்டுநராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கூறினார்: "பச்சை விழுந்ததும் நான் புறப்படமாட்டேன் ஹஜ்ரத். இருபக்கமும் பார்த்து, மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் நகர்வேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டுமே! சத்தம் காதோடு போய்விடும். சிவப்பைத் தாண்டி ஒருவன் வந்தால் அது உயிரோடு போகும்." முன்செல்லும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே எப்போதும் மூன்று வினாடி தூரம் விடுவாராம், அந்த இடத்தில் வேறொருவர் நுழைந்துகொண்டால், கோபப்படாமல் மீண்டும் மூன்று வினாடி பின்தங்குவாராம். பட்டப்படிப்புப் படித்தவர்களுக்கும் வாய்க்காத தெளிவு அவருக்கு வாய்த்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

அயல்நாட்டவருக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டுவதற்குக் காரணம் உண்டு. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அங்கே 'தியத்' எனப்படும் உயிரீட்டுத் தொகை செலுத்த வேண்டும். அமீரகத்தில் அது 2 லட்சம் திர்ஹம். சஊதியில் தவறுதலாக நேர்ந்த இறப்புக்கான தொகை 1 லட்சம் ரியாலிலிருந்து 3 லட்சம் ரியாலாக 2011இல் உயர்த்தப்பட்டது. முறையான உரிமமும் காப்பீடும் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும். உரிமம் காலாவதியாகியிருந்தாலோ, சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தாலோ அச்சுமை ஓட்டியவர் தலையில் விழக்கூடும். வழக்கு முடியும்வரை நாடு திரும்பவும் இயலாமற் போகலாம். மாதம் 1,500 ரியால் ஈட்டுபவர் 3 லட்சம் ரியாலுக்கு எங்கே போவார்? இங்கே அவர் மனைவி நகையை விற்று, ஜமாஅத்தின் வாசலில் நின்று, வீடு வீடாக உதவி கேட்கும் நிலை வரவேண்டுமா?

ஆகவே, 'ருக்ஸா' எனப்படும் உரிமத்தையும், 'இஸ்திமாரா' எனப்படும் வண்டிப் பதிவையும், காப்பீட்டையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். "கபீல் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடலாகாது. மாதம் ஒருமுறை தாமே தேதியைப் பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அவ்விடத்தை விட்டு ஓடலாகாது. மொழி புரியாத தாளில் கையெழுத்திடாமல், படித்துச் சொல்ல ஒருவரைக் கேட்பது நன்று.

இத்தனையும் சொன்னபின், நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். புதுவைக்கும் ஆரோவில்லுக்கும் வரும் ஐரோப்பியர் ஒருவர் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நம் கடலூர் - சிதம்பரம் சாலையில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியையும், தலைக்கவசமின்றி மூவர் செல்வதையும், நடுச்சாலையில் நிற்கும் பேருந்தையும் கண்டு அவர் தம் வீட்டுக்கு என்ன எழுதுவார்? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 17,884 பேர் தமிழகத்தில் மாண்டவர்கள். அயலாரின் குறையை எண்ணுமுன் இந்த எண்களை நாம் மறக்கலாகாது.

எங்கள் செம்மங்குப்பத்தின் பெயரை நாடறிந்தது ஒரு துயரத்தால் அன்றோ! 2025 ஜூலை 8ஆம் நாள் காலையில், மூடப்படாதிருந்த ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது விழுப்புரம் - மயிலாடுதுறைப் பயணியர் ரயில் மோதியது. பள்ளிக்குப் புறப்பட்ட மூன்று பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்தக் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றே: கேட் திறந்திருப்பது, ரயில் வரவில்லை என்பதற்கு உறுதியாகாது. ஒருவர் தம் கடமையைச் செய்திருப்பார் என்று நம்புவது நல்ல குணமே. ஆயினும், சாலையிலும் தண்டவாளத்திலும் அந்த நம்பிக்கையோடு நம் கண்ணையும் காதையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நின்று பார்ப்பதால் இழப்பது அரை நிமிடமே. ரியாத்தில் மூன்று எண்ணும் அந்த மாணவர் செய்வதும் இதுதான்.

விடுமுறையில் வரும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அங்கே காரில் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொள்ளும் நீங்கள், சென்னை விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் ஏறியதும் அதைத் தொடுவதில்லையே, ஏன்? அங்கே சிவப்புக்கு நிற்கும் நீங்கள், இங்கே இரவல் பைக்கில் அதைக் கடப்பதேன்? அப்படியானால் அங்கே நீங்கள் கடைப்பிடித்தது ஒழுக்கமன்று, அபராதத்துக்கான அச்சம். கேமராவுக்கு அஞ்சிய ஒழுங்கு, கேமரா முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் நற்செயல் என்று ஓதி வளர்ந்தவர்கள், தாமே பாதையில் முள்ளாகிவிடலாமா? நாடு மாறலாம், பக்கம் மாறலாம், சட்டம் மாறலாம். நாம் ஓட்டும் முறை மாறலாகாது.

இறுதியாக, வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இங்கே இரவு 9.30 மணி என்றால் சஊதியில் மாலை 7 மணி. வேலை முடிந்து எல்லோரும் சாலையில் நெருக்கியடித்துச் செல்லும் நேரம். இங்கே சமையல் முடிந்து ஓய்ந்திருக்கும் அந்நேரத்தில்தான் நாம் அழைக்கிறோம். எடுக்காவிட்டால் மீண்டும் மீண்டும் அழைக்கிறோம். எடுத்தால், ஒரு கை சக்கரத்திலும் ஒரு கை கைப்பேசியிலுமாக அவர் பேசுகிறார். "ஏன் எடுக்கவில்லை?" என்ற கோபத்தை விட்டுவிடுங்கள். பேசத் தொடங்குமுன் "வண்டி ஓட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள்; ஆம் என்றால் அக்கணமே வைத்துவிடுங்கள். அயல்நாட்டுச் சாலையைச் சீர்திருத்த நம்மால் இயலாது. ஆனால் அதில் செல்லும் நம்மவரின் கவனத்தைக் குலைக்காமல் இருக்க, இங்கிருந்தபடியே நம்மால் இயலும்.