டேஷ்போர்டில் புற ஊதா ஒளி: பார்க்க சூப்பர், கண்ணுக்கு?

ஹைவேயில் நைட் டிரைவ். வெளியே கும்மிருட்டு, உள்ளே பளீரென்று டேஷ்போர்டு. அதிலிருந்து கண்ணை எடுத்தால் ரோடு ஒரு நொடி மங்கலாகத்தான் தெரியும். விமானிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; கெடுக்க ஒரு வெளிச்சம் போதும். அதனால் இரண்டாம் உலகப் போர் விமானங்களில் மீட்டர் எண்களுக்கும் முள்ளுக்கும் ஒளிரும் பெயின்ட் பூசி, புற ஊதா விளக்கை அடித்தார்கள். அந்தக் கதிர் நமக்குத் தெரியாது. பெயின்ட் அதை வாங்கி, தெரிகிற ஒளியாகத் திருப்பித் தரும். எண்ணும் முள்ளும் மட்டும் இருட்டில் மிதக்கும். செம ஐடியா!

நம்ம காருக்கும் ஒரு யுவி எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டலாமா? வேண்டாம். சாதாரண மீட்டரில் அந்த பெயின்ட் கிடையாது. கதிர் நேராகப் பட்டால் கண்ணின் லென்ஸே லேசாக ஒளிர்ந்து, பார்வையில் பனிமூட்டம் மாதிரி படியும். பெரிதாகக் கூசாததால் முகத்தைத் திருப்பவும் தோன்றாது.

ஊர் தாண்டியதும் டேஷ்போர்டு பிரைட்னஸைக் குறையுங்கள், அது போதும். விமானக் கம்பெனியாகத் தொடங்கிய சாப், ஸ்பீடோமீட்டர் தவிர மற்றதை அணைக்க ஒரே பட்டனை 1990களிலேயே காரில் வைத்தது. இன்று இவ்வளவு பெரிய ஸ்க்ரீன் தருபவர்கள், அந்த ஒரு பட்டனை மட்டும் ஏன் மெனுவுக்குள் தேட விடுகிறார்கள்?