ஒன்பது எங்கே போயிற்று?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடமொன்றில் சென்ற வாரம் சற்று உட்கார்ந்திருந்தோம். காய் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவியின் அருகே அவள் பேத்தி கணக்கு நோட்டுடன் முகம் வாடி இருந்தாள்.

"ஏன் அப்பத்தா, எண்பதிலே எட்டு இருக்கு. தொண்ணூறிலே ஒன்பதைக் காணோமே?"

"அது அப்படித்தாண்டி!" என்றாள் கிழவி.

"ஒன்பது பத்து" என்று எழுதியதற்காக நோட்டில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு நம் மனத்தை உறுத்திற்று. குழந்தை கேட்டது நியாயமான கேள்வியல்லவா?

பண்டைத் தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றும் பெயர் உண்டு. பரிபாடலில் எண்களை வரிசையாகச் சொல்லுமிடத்தில் எட்டுக்குப் பின் வருவது தொண்டுதான். பிற்காலத்தில் அச்சொல் வழக்கொழிந்தது. ஆயினும் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் அதன் சாயல் இன்னும் நிற்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. போடியில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களைக் கேளுங்கள்; ஒன்பதைத் 'தொம்மிதி' என்பார்கள். நாம் இழந்த தகரம் அங்கே பத்திரமாக இருக்கிறது! மலைமேல் ஏலத்தோட்டங்களில் மலையாளம் பேசுவோரோ நம்மைப் போலவே தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறார்கள்.

சரி, ஒன்பது பத்துக்கு 'நூறு' என்ற முடிவு ஏன்? ஒன்பது என்பதில் பத்தும், தொண்ணூறில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. மூன்றும் இன்னும் எட்டாத அடுத்த எல்லையின் பெயரையே தாங்குகின்றன. பாதி மலை ஏறியவரை எங்கே என்று கேட்டால், "போடிமெட்டுக்கு" என்று போகும் இடத்தைச் சொல்வதில்லையா, அதுபோல!

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மங்கோலியாவில் ஓர்க்கோன் ஆற்றங்கரையில் எட்டாம் நூற்றாண்டில் துருக்கியர் பொறித்த கல்வெட்டுகளில் பதினேழு என்பது 'ஏழு இருபது'. இருபத்தொன்று என்பது 'ஒன்று முப்பது'. முப்பதை நோக்கிச் செல்லும் பத்தில் முதலாவது என்று பொருள். இன்றைய துருக்கியில் அம்முறை மறைந்து, நம் பதினேழைப் போலப் 'பத்து ஏழு' என்றே சொல்கிறார்கள்.

தொல்காப்பியர், ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கு எழுத்தெழுத்தாக விதி வகுக்க வேண்டியிருந்தது. இலக்கண ஆசிரியருக்கே இவ்வளவு வேலை வைத்த சொல்லின் முன் ஒரு சிறுமி திகைத்தால் வியப்பென்ன?

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். "அப்போ நான் எழுதினது தப்பில்லையா?" என்றாள்.

"தப்புத்தான் அம்மா, ஆனால் யோசித்துச் செய்த தப்பு" என்றோம். அவள் முகம் மலர்ந்தது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! சிவப்புக் கோடு போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இந்தக் கதையையும் சொல்லிவிடுங்கள்.