கழுகு இல்லாத துப்பாக்கிகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள், போலந்தின் ‘விஸ் 35’ கையில் கிடைத்தால் முதலில் ஸ்லைடில் (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியில்) போலந்துக் கழுகு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் விலை எங்கோ போய்விடும். போருக்கு முன் ராடோம் நகரத் தொழிற்சாலை போலந்து ராணுவத்துக்காகச் செய்தவை அவை. 9 மி.மீ., எட்டுத் தோட்டா. செய்த ஆண்டும் பொறித்திருக்கும். வழவழவென்று இழைத்த கருநீல உடம்பு. அழகுதான், மறுக்கவில்லை.

என்னை இழுப்பவை அதற்குப் பின் வந்தவை. 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்து வந்தது. தொழிற்சாலை ஆஸ்திரியாவின் ஸ்டையர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கழுகு போய் ஜெர்மன் ராணுவத்தின் சோதனை முத்திரை வந்தது. தோள்கட்டை மாட்டுவதற்காகப் பிடியின் பின்புறம் வெட்டியிருந்த பள்ளம் அடுத்து மறைந்தது. பிறகு, பிரித்துச் சுத்தம் செய்ய உதவிய சிறு நெம்புகோலும் போனது. ஒவ்வொன்றும் இயந்திரத்தில் ஒரு வேலை மிச்சம். கடைசிக் காலத்தில் பிடிக்கு வெறும் மரத்துண்டு. உலோகத்தில் வெட்டுளியின் தடம் அப்படியே தெரியும்.

இந்த மாற்றங்களைவிட முக்கியமான ஒன்று வெளியே தெரியாது. குழலை மட்டும் ராடோமில் செய்யவிடவில்லை. அது ஆஸ்திரியாவில் தயாரானது. துப்பாக்கியைப் பூட்டி முடிப்பதும் அங்கேதான். முழுத் துப்பாக்கி போலந்துத் தொழிலாளிகளின் கைக்குக் கிடைத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று ஜெர்மானியருக்குத் தெரியும். அப்படியும் போய்ச் சேர்ந்தது. எண் குத்தாத பாகங்களைத் தொழிலாளிகள் ஒவ்வொன்றாக வெளியே கடத்தினார்கள். குழல்களை ரகசியமாகச் செய்து பொருத்தி, தலைமறைவுப் படைக்குக் கொடுத்தார்கள். அது வெளிப்பட்டதும், 1942 அக்டோபரில் ராடோமில் ஊரறியத் தூக்கு மேடைகள் எழுந்தன. தொழிற்சாலை ஆட்களும் அவர்களுடைய உறவினரும் பலியானார்கள்.

1944இல் சோவியத் படை நெருங்கியதும் ஜெர்மானியர் இயந்திரங்களை ராடோமிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஸ்டையரின் ‘பி.என்.இசட்’ குறியோடு கொஞ்சம் துப்பாக்கிகள் வந்தன. எண்ணிக்கை குறைவு என்பதால் அவற்றுக்கும் நல்ல விலை. நடுவில் லட்சக்கணக்கில் வந்தவைதான் சந்தையில் மலிவு.

விலை அப்படியே இருக்கட்டும். ஆனால் போர்க்கால ராடோமில் என்ன நடந்தது என்று கேட்டால், முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது அந்த மலிவான துப்பாக்கியைத்தான்.